ஓலை வாசித்ததும் எழுந்து நிற்பவள்

எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், இதற்குத் தடை ஏதாவது இருப்பது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்வது உங்கள் கடமை என்று அறிவிப்பதுதான் ஓலை. மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசித்த பிறகுதான் கல்யாணம். கடமை என்ற சொல்லைச் சாமியார் என்னதான் அழுத்திச் சொன்னாலும் ராயபுரத்தில் அதைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் குறைவு. பாதிப் பேர் வாசலில் விட்ட செருப்பை நினைத்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேருக்கு மதியம் வஞ்சிரமா, கறியா என்ற கவலை.

பக்கத்துத் தெரு அக்கா மட்டும் எழுந்து நிற்பாள்.

நல்ல உயரம். அந்த உயரத்துக்குக் குறையாத குரல். பூசை முடிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பீடத்துக்குப் பக்கத்தில் சாமியார் பூசை உடுப்பைக் கழற்றும் அறைக்குள் விறுவிறுவென்று போய்விடுவாள். விஷயம் தெரியாத, வேறு கோயிலைச் சேர்ந்த சம்பந்திகள் என்றால் அவ்வளவுதான். ஒரு தடவை பெண்ணின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையன் வீட்டார் என்ன குண்டைத் தூக்கிப் போடப் போகிறாளோ என்று அறை வாசலுக்கே ஓடினார்கள். உள்ளே அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாமி, இந்தப் பையன எனுக்குத் தெரியும். அவங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவ சொல்லோ முதுவுல தூக்கிகினு மாடிப்படி எறங்கினான். நான் கண்ணால பார்த்தேன். அத்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சரிம்மா, ஆனா அது தடை இல்லையே."

"தடைன்னு நான் எங்க சொன்னேன்? கெட்டது தெரிஞ்சவன் வந்து சொல்லணும், நல்லது தெரிஞ்சவ வாய மூடிகினு வூட்டுக்குப் போவணுமா? இன்னா சாமி நாயம் இது?"

ஒவ்வொரு ஓலைக்கும் இப்படிப் போவாள். ஆளைத் தெரியாது என்றால் போக மாட்டாள், பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அதனால் அக்கா எழுந்திருக்கவில்லையே என்று கவலைப்படுகிற பெண் வீட்டார்கூட உண்டு. எங்கள் பக்கத்தில் அவளுக்குச் சாட்சி அக்கா என்றே பெயர் ஆகிவிட்டது.

ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் சாட்சி சொன்னவளுக்கே ஒரு நாள் ஓலை வாசிக்க வேண்டி வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு அவள் சரி என்றாள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். அண்ணன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனால்தான் பீடத்தண்டை வருவேன், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம். அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன். அவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசியே சில வருஷம் ஆகியிருந்தது. பேச்சு நின்றதற்குக் காரணமும் ஓர் ஓலைதான்.

அதற்கு முன்னால் அவள் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிச் சீக்கிரமே கட்டினவர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். குழந்தை இல்லை. அண்ணன் காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். அவர் வீட்டு மாடி அறையில்தான் இருந்தாள். அண்ணன் சோறு போடுவார்தான், ஆனால் இவள் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஜாதி இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கொண்டு கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அங்கே மொபெட்டில் அண்டாவைக் கட்டிக்கொண்டு போய் டிரைவர்களுக்குச் சோறு விற்றாள். லாரியை விட்டு இறங்கினால் வரிசை போய்விடும். வடக்கே எங்கிருந்தோ வந்த டிரைவர்கள் பசியோடு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஜன்னலண்டை போய் நீட்டுவாள்.

நீட்டும்போதே சொல்லிவிடுவாள். "சாம்பார்ல இன்னிக்கு உப்பு தூக்கல். ரசம் நல்லா கீது, அத்த வாங்கிக்கோ." இன்னொரு நாள், "மீனு ஐஸ்ல வெச்ச மீனு. இன்னிக்குப் புடிச்சதுன்னு எவனாச்சும் சொன்னா நம்பாத." இப்படி வியாபாரம் செய்தால் உருப்படுமா என்று என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். உருப்பட்டது. அக்காவின் மொபெட் வருகிறவரை மற்றவர்களிடம் வாங்காமல் டிரைவர்கள் காத்திருந்தார்கள். அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாமே.

என் கல்யாணமே அந்த அண்டாவால் நடந்தது. நம்புவதற்குச் சிரமமாக இருக்கும், கேளுங்கள்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். குடிப்பார். குடிப்பார் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறேன், அம்மா பட்டதெல்லாம் அந்தச் சொல்லில் வராது. ஒரு கிறிஸ்துமஸோடு தானாகவே நிறுத்தினார். நிறுத்தியவருக்குச் சாயங்காலம் வந்தால் கை நடுங்கும், கால் ஒயின்ஷாப் பக்கம் திரும்பும். அக்கா சோறு விற்றுவிட்டுத் திரும்புகிற நேரமும் அதுதான். ஒரு நாள் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"நைனா, சும்மாதான குந்திகினு கீற? அண்டா தேய்க்கணும், எனுக்கு இடுப்பு வலிக்குது. வா."

ஊருக்கெல்லாம் மூட்டை தூக்கிய மனுஷனைப் பாத்திரம் தேய்க்கக் கூப்பிடுகிறாளே என்று அப்பா முறைத்தார். அவள் வண்டியை ஆஃப் செய்துவிட்டு அப்படியே நின்றாள். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். அன்றிலிருந்து தினமும் அக்கா வீட்டுக் குழாயடியில் அப்பாவைப் பார்க்கலாம், கை முழுக்கச் சாம்பலும் சோப்பும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே லாரி வரிசைக் கதைகளைச் சொல்வாள். ஒயின்ஷாப் பூட்டுகிறவரை எப்படியோ ஒரு பாத்திரம் பாக்கி இருக்கும்.

பொய்யே சொல்லாதவளாச்சே, இடுப்பு வலி என்றது மட்டும் என்ன என்று பின்னால் ஒரு நாள் மடக்கினேன். "வலிச்சுதுடி. அண்டா தூக்கற எவளுக்கு இடுப்பு வலிக்காது?" என்றாள்.

எனக்கு வரன் வந்தது திருவொற்றியூரிலிருந்து. பையன் நல்லவன், எனக்கும் பிடித்திருந்தது. பையனின் அம்மாவுக்கு ஒரே ஒரு வைராக்கியம், குடிகாரன் வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று. தன் தகப்பனின் குடியால் கஷ்டப்பட்டவர் அவர். நடுவில் நின்ற தரகர் ஒருவர், பெண்ணின் அப்பாவுக்கு அந்த வாசனையே ஆகாது என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். அம்மா பதறிப்போய் அக்காவிடம் ஓடினாள். யாராவது விசாரிக்க வந்தால் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடு, புண்ணியமாகப் போகும் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"தெரியாதுன்றதும் பொய்தானக்கா?" என்றாள் அவள். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

எதிர்பார்த்தபடியே பையனின் அம்மா லாரி வரிசைக்கே வந்துவிட்டார். நடந்ததை அவரே, அதாவது என் மாமியாரே, இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டுவார். ஒரு சாப்பாடு வாங்கிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல அப்பாவைப் பற்றிக் கேட்டாராம்.

"குடிச்சவருதான்" என்றாளாம் அக்கா. "ரோட்ல வுழுந்து கெடந்தவர நானே தூக்கி வூட்ல வுட்டுகீறேன்."

மாமியார் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"குந்தும்மா. பாதியக் கேட்டுட்டுப் போனா அதுவும் பொய்யாப் பூடும். இந்த அண்டாவப் பாரு. உன் மொகம் தெரியுதா? தெனம் அவுருதான் தேய்க்கிறாரு. ஒயின்ஷாப்பு தொறந்துகீற நேரம் பூரா என் கொழாயாண்டதான் கீறாரு. நடுங்கற கை இப்படித் தேய்க்குமா? நீயே சொல்லு."

மாமியார் அண்டாவைக் குனிந்து பார்த்தாராம். முகம் பளிச்சென்று தெரிந்ததாம், தலையில் பூ சாய்ந்திருந்தது தெரிந்து அங்கேயே சரி செய்துகொண்டாராம். அன்றைக்கே சம்மதம் சொல்லி அனுப்பினார். எப்போதும் குடிக்காதவர் என்று சொன்ன தரகரை நம்பவில்லை, குடித்ததையும் விட்டதையும் கிட்ட இருந்து பார்த்தவளை நம்பினேன் என்பார். எங்கள் ஓலை வாசித்தபோது அக்கா எழுந்து போய் என்னைப் பற்றியும் சொன்னாள். கோபக்காரி, ஆனால் வயிற்றில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்றாளாம். இரண்டும் உண்மைதான்.

இனி அந்தக் கசப்பான ஓலைக்கு வருகிறேன். அக்காவின் அண்ணனுக்கு ஒரே பையன். பெற்றது அண்ணியென்றாலும் சோறு ஊட்டித் தூக்கிச் சுமந்தது அக்கா. அவனுக்குப் பெண் பார்த்து, முதல் ஓலையும் வாசித்தாயிற்று. பையன் கன்டெய்னர் கம்பெனியில் நிரந்தர வேலையில் இருப்பதாகப் பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த வேலை போய் மாதக்கணக்காகியிருந்தது. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிக் கேரம் கிளப்பில் உட்கார்ந்திருந்தான். பெண் வீட்டுக்கு இது தெரிந்துதான் சம்மதித்திருக்கிறார்கள் என்று அக்கா நினைத்திருந்தாள். கோயில் வாசலில் பெண்ணின் அம்மா சந்தோஷமாக ஒரு வார்த்தை சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. மாப்பிள்ளைக்கு நல்ல வேலை இருக்கிறதே, அதனால் எங்கள் பெண் நர்ஸ் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வரப்போகிறாள் என்றார் அந்த அம்மா.

அக்கா நேராக அண்ணனிடம் போனாள். "நீயே போய் சொல்லிடுண்ணே. நல்ல பையன்தான், பயந்துகினு கீறான், அவ்ளோதான். சொன்னா ஒத்துப்பாங்க." அண்ணன் பார்க்கலாம் என்றார். அவர் கோயில் கமிட்டியில் இருப்பவர், திருவிழாத் தேருக்கு முன்னால் நடப்பவர். அந்த வாரம் முழுக்க அவள் தினமும் கேட்டாள். அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அக்கா எழுந்து நின்றாள்.

அன்றைக்கு மட்டும் அவள் மெதுவாக நடந்தாள். கல்யாணம் நின்றது. மண்டபம், பிரியாணி மாஸ்டர், பத்திரிகை எல்லாம் நின்றது. அண்ணன் அன்று மாலையே மாடிப்படிக் கதவுக்குப் பூட்டு போட்டார். அக்கா சாமான்களைக் கட்டிக்கொண்டு எங்கள் அப்பா வீட்டு மாடி அறைக்கு வந்தாள். அவள் அழுது நான் முதல் தடவையாகப் பார்த்தது அன்றுதான். அழுகிறவளைப் பார்த்து ஆறுதலாகப் பேசுவதை விட்டுவிட்டு நான் கத்தினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும், சொந்த அண்ணன் வீடு இல்லையா என்றேன்.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "ஞாயித்துக்கெழம நன்மை வாங்கற நாக்குடி இது. ஆண்டவர வெக்கிற எடத்துல பொய்ய வெச்சுகினு நான் எப்பிடி வாய நீட்டுவேன்? அந்தப் பொண்ணும் ஒரு வூட்டுப் பொண்ணுதான?"

நன்மை என்றால் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம். நான் போய் அவளுக்குப் பாயை விரித்துப் போட்டேன்.

பூட்டு போட்டது அண்ணன்தான், இவள் எதையும் பூட்டவில்லை. தினமும் சாயங்கால ஜெபத்தில் அண்ணன் வீட்டு ஆள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி வேண்டுவாள், கீழே என் அப்பா அம்மாவுக்குக் கேட்கிற சத்தத்தில். கிறிஸ்துமஸ் வந்தால் கல்கல் பலகாரம் பொரித்து டப்பா நிறையப் போட்டு என் அம்மா கையில் கொடுத்தனுப்புவாள். அண்ணி டப்பாவைத் திருப்பித் தரும்போது அது ஒரு தடவைகூட வெறுமனே வந்ததில்லை. சர்க்கரையோ முறுக்கோ இருக்கும். அதைப் பார்த்தால் அக்காவுக்கு அன்று முழுக்கச் சிரிப்புதான். அந்தப் பையன் இன்னும் சாமர்த்தியம். அப்பாவுக்குத் தெரியாமல் லாரி வரிசைக்கு வந்து இவள் சோற்றைத் தின்றான். இவளும் சும்மா போட்டுவிடவில்லை. "துன்னுட்டு வூட்டுக்குப் போவாத, நேரா வேலை கேக்கப் போ" என்று தினமும் விரட்டினாள். ஒவ்வொரு கம்பெனி டிரைவராகப் பிடித்து எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்துச் சொன்னாள். கடைசியில் எண்ணூரில் கிரேன் ஓட்டும் வேலையில் சேர்ந்துவிட்டான்.

கல்யாணப் பேச்சும் அதே லாரி வரிசையில்தான் முளைத்தது. எண்ணூரைச் சேர்ந்த டிரெய்லர் டிரைவர் ஒருவர், மனைவியை இழந்தவர், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவர். பெரிய மீசை, மீசைக்குக் கொஞ்சமும் பொருந்தாத கூச்சம். அவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"உப்பு தூக்கல்னு சொல்லி விக்கிற ஆள நான் எந்த ரோட்லயும் பார்த்ததில்லண்ணே. மிச்ச காலத்த இவங்க கூடக் கழிச்சா நிம்மதியா கழியும்னு தோணுது. நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

மாடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "குடிப்பியா?"

மனுஷன் அண்ணாந்து பார்த்தார். "எப்பவாச்சும்."

"எப்பவாச்சும்னா?"

"சனிக்கெழம."

"சரி, உண்மைய சொல்லிட்ட. வர்ற சனிக்கெழம நைனாவோட குந்தி அண்டா தேய்."

தேய்த்தார். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் வந்து தேய்த்தார். அப்பாவுக்கு நல்ல தோஸ்து கிடைத்தார். கடைசியில் அக்கா இறங்கி வந்து சரி என்றாள், கூடவே அந்த நிபந்தனையையும் சொன்னாள். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் பெண்ணை அழைத்துப்போக வேண்டும். வேறு யாராவது பிடித்துக்கொண்டு போகலாமே, நான் இருக்கிறேனே என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

"நீ இருக்கற நைனா, யாரு இல்லன்னா? ஆனா எனுக்கு அண்ணன் உயிரோட கீதே. இல்லாத மாதிரி நான் எப்பிடி நடக்கறது?"

அப்பா ஐஸ் கம்பெனிக்கே போய்க் கேட்டார். அண்ணன் ஐஸ் பாறையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாராம், "அவளாண்டதான் உண்மை கீதே. அது கையப் புடிச்சுகினு போவச் சொல்லு." திரும்பி வந்து அப்பா இதை அப்படியே அக்காவிடம் சொன்னார். பூசி மெழுகி இருக்கலாம், ஆனால் அவளிடம் பூசி மெழுக யாருக்குத் தைரியம் இருக்கிறது? அவள் கேட்டுவிட்டு, "ஓலைய வாசிக்கட்டும். மூணு வாரம் கீதுல்ல" என்றாள்.

முதல் ஞாயிறு. நானும் திருவொற்றியூரிலிருந்து மாமியாரோடு வந்திருந்தேன். சாமியார் புதிதாக வந்தவர், திருநெல்வேலிப் பக்கம், எங்கள் பேச்சே அவருக்குப் பாதி புரியாது. அக்கா பேரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்தார். அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்காத கோயில் ஏதோ குறைந்ததுபோல இருந்தது.

அப்போது என் அப்பா எழுந்து நின்றார்.

பிறகு என் மாமியார். அவருக்குப் பின்னால் முதுகில் அம்மாவைத் தூக்கிய அந்தப் பையன், அவன் பெண்டாட்டி, அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அவன் மாமியார். பூசை முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறை வாசலில் ரேஷன் கடை மாதிரி கூட்டம். புதுச் சாமியார் மிரண்டுபோனார்.

"இத்தனை பேரும் தடை சொல்லவா வந்திருக்கீங்க?"

"தடையுமில்ல, ஒண்ணுமில்ல சாமி" என்றார் அப்பா. "இவளப் பத்தி எனுக்குத் தெரிஞ்சத சொல்லணும். கேட்டுக்கோ. நான் குடிகாரன்." அவர் அடுத்ததைச் சொல்வதற்குள் மாமியார் முன்னால் வந்து அண்டாக் கதையை முழுக்க நடித்தே காட்டினார். சாமியார் சிரித்துச் சிரித்து அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா வெளியே தூணுக்குப் பின்னால் நின்று, "கூட்டிச் சொல்லாதம்மா, உள்ளத சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் வரவில்லை. அவர் விடியற்காலைப் பூசைக்கு வந்துவிட்டுப் போயிருந்தார்.

இரண்டாவது ஞாயிறு அந்தக் கிரேன் ஓட்டும் பையன் வந்தான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. "என் கல்யாணத்த நிறுத்துனது இவங்கதான் சாமி" என்று ஆரம்பித்தான். "அப்பறம் தெனம் சோறு போட்டு வேலை தேட அனுப்புனதும் இவங்கதான். ரெண்டையும் சேத்து எழுதிக்குங்க." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் அன்றும் வரவில்லை. அக்கா வீட்டுக்கு வந்து வழக்கம்போல வெங்காயம் உரித்தாள். சனிக்கிழமை வந்த டிரைவர், வேண்டுமானால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமே என்றார். "வராட்டி இல்லன்னு சொல்லிகீறேன்ல? சொன்னது சொன்னதுதான்" என்றாள். சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். மனுஷன் அண்டாவை இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

மூன்றாவது ஞாயிறு நான் வாசலைப் பார்த்துக்கொண்டே பூசை கண்டேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். ஓலை வாசிக்கிற நேரத்தில் அண்ணன் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கடைசி பெஞ்சிலும் உட்காரவில்லை, நின்றார். பூசை முடிந்ததும் யாரையும் பார்க்காமல் நேராக அறைக்குள் போனார். கோயிலே எழுந்து அவர் பின்னால் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நான் முண்டியடித்து முன்னால் போய்விட்டேன்.

"சாமி, இந்தக் கல்யாணத்துக்கு ஒரு தடை கீது" என்றார் அண்ணன்.

சாமியார் கழற்றிய அங்கியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"பொண்ணுக்கு ஒரு அண்ணன் கீறான். அவன் பொண்ணோட பேசறதில்ல. அவ உண்மைய சொன்னா, இவனுக்கு மானம் போச்சு, அதனால பேசறதில்ல. அவன் வந்து கையப் புடிக்காங்காட்டி அவ வரமாட்டேன்றா. அதான் தடை." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "தெரிஞ்சவங்க சொல்லணும்னீங்க. எனுக்குத்தான் தெரியும். சொல்லிட்டேன். அந்தத் தடைய எடுத்துப் போடத்தான் நானே வந்துகீறேன்."

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ ஆகிக்கொண்டிருந்தது முகம். அண்ணன் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு, சாமியாரிடம் திரும்பி, "பேசாம இருந்தது அண்ணன் தப்புதான் சாமி. நானும் பூட்டுன கதவ ஒரு தபா தட்டிப் பார்த்திருக்கணும், தட்டல. அதுவும் தப்புதான்" என்றாள்.

"பாருங்க சாமி" என்றார் அண்ணன், "இந்த நேரத்துலகூட வாய் சும்மா இருக்குதா பாருங்க." கோயில் அதிரச் சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கல்யாணத்தன்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைவிட ஒரு பிடி உயரமாக, அக்கா பீடத்தண்டை நடந்து போனாள். பிரியாணி அண்ணன் செலவு. அன்றைக்கு நின்றுபோன கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த அதே மாஸ்டரையே கூப்பிட்டிருந்தார். பந்தியில் முதல் வரிசை லாரி டிரைவர்கள். மாலையும் கழுத்துமாக அக்கா ஒரு வாய் எடுத்து வைத்தாள், மென்றாள், எங்களைப் பார்த்து எழுந்து நின்றாள். பந்தி முழுக்கக் கையை நிறுத்தியது.

"எங்கண்ணன் போட்ட பிரியாணி. கறி பூப்போல வெந்துகீது" என்றாள். "உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே உப்புக் கிண்ணத்தை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு இலையாக வந்தார். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, ருசி பார்க்காமலே எல்லோரும் ஒரு சிட்டிகை வாங்கிப் போட்டுக்கொண்டோம்.